மருந்துத் தாங்கியைத் தூக்கும் முன்: மிளகாய், வெங்காயத் தோட்டங்களுக்கான பயிர்ப் பாதுகாப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்கு நாம் இறைக்கும் நீரும் வீட்டில் குடிக்கும் நீரும், நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளில் மாரி மழை சேர்த்து வைத்த ஒரே நீர்தான். உரும்பிராயிலோ நீர்வேலியிலோ ஐந்து பரப்பில் (பரப்பு நம் ஊர் நில அளவு) தோட்டம் செய்யும் ஒருவர் தேவையின்றி அடிக்கும் மருந்து, அவருடைய கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் இறங்கக்கூடியது. அதற்காக மருந்தையே தொடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2021இல் இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது கமக்காரர் பட்ட பாட்டை எல்லோரும் கண்டோம். எந்தப் பூச்சிக்காக, எந்தப் பருவத்தில், எவ்வளவு அடிக்கிறோம் என்பதை அறிந்த பின்னரே தாங்கியைத் தூக்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்துவது.

மிளகாயிலிருந்து தொடங்குவோம். "இலை சுருண்டு போயிற்று, ஒரு மருந்து தாருங்கள்" என்று கடையில் கேட்பது நம்மிடையே வழக்கம். ஆனால் இலை சுருள்வதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. இலையோரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு படகு போல நின்றால் பனிப்பூச்சியைத் தேடுங்கள். குருத்தையோ பூவையோ ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால், நூல் துணுக்கைப் போன்ற மெல்லிய சின்னஞ்சிறு பூச்சிகள் தாளில் ஓடுவதைக் காணலாம். ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, கவிழ்த்த படகு போலாகி, இலை ஒடுங்கிக் காம்பு நீண்டிருந்தால் அது சிற்றுண்ணியின் (பூச்சியல்ல, சிலந்தி இனத்துச் சின்னஞ்சிறு உயிர்) வேலை. வெறுங்கண்ணுக்கு அது எளிதில் தெரியாது என்பதால், இளங்குருத்தின் அடிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். இலைகள் சிறுத்து மஞ்சளித்து, செடி முழுவதும் குட்டையாகி நின்றுவிட்டால், பெரும்பாலும் வெண் ஈ கொண்டுவந்த வைரசு நோயாகவே இருக்கும். வைரசுக்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றுவதும், அடுத்த முறை நாற்றுமேடையை நுண்ணிய வலையால் மூடி வளர்ப்பதுமே வழி.

இந்த வேறுபாடு தெரியாமல், சிற்றுண்ணி விழுந்த எங்கள் தோட்டத்துக்கு ஒரு பருவத்தில் பூச்சி மருந்தை மூன்று முறை அடித்தோம். சிற்றுண்ணி அப்படியே இருந்தது. அதைத் தின்று வாழும் உயிரினங்கள் மாண்டுபோக, சுருளல் முன்னிலும் மோசமாகிக் காய்ப்பே நின்றுவிட்டது. சிற்றுண்ணிக்கு நீரில் கலக்கும் கந்தகத் தூளே போதியதாயிருந்திருக்கும். அதையும் கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். நமக்காகப் பூச்சி பிடிக்கும் இந்தச் சிற்றுயிர்களின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 2008இல் இலங்கைக்குள் புகுந்து பப்பாசி மரங்களை வாட்டிய மாப்பூச்சியை அடக்குவதற்கு, அதன் உடலுக்குள் முட்டையிடும் ஒரு சிறு குளவியே கொண்டுவரப்பட்டது.

வெங்காயத்தில் நேரம் தவறினால் எந்த மருந்தும் பயன் தராது. பச்சைப் புழுவின் தாய் அந்துப்பூச்சி, இலையின் மேல் முட்டைகளைக் கூட்டமாக இட்டு, வெளிறிய பஞ்சு போன்ற செதில்களால் மூடிவிடுகிறது. இரண்டு முதல் நான்கு நாட்களில் அவை பொரிக்கும். குஞ்சுப் புழுக்கள் குழல் போன்ற இலைக்குள் துளைத்து நுழைந்து, பச்சையத்தைச் சுரண்டித் தின்று, வெளித்தோலை மட்டும் வெள்ளைக் கடதாசி போல விட்டுவைக்கும். உள்ளே போய்விட்ட புழுவைத் தெளிப்பு மருந்து எட்டுவது அரிது. ஆகையால், நட்ட இரண்டாம் கிழமையிலிருந்து ஒன்றுவிட்ட ஒரு நாள் காலையில் பாத்திகளுக்கிடையே குனிந்து நடந்து, முட்டைக் கூட்டம் உள்ள இலை நுனிகளையும் வெளிறிய இலைகளையும் கிள்ளி எடுத்து அழிக்க வேண்டும். ஓரிரு பரப்புக்கு இது ஒரு மணித்தியால வேலை, சிறுவரும் செய்யக்கூடியது.

மாரியில் இலைகள் திருகி வளைந்து, கழுத்து நீண்டு, வெங்காயம் பருக்காமல் போகும் நோய் ஒரு பூஞ்சணத்தால் வருவது. அது விதை வெங்காயத்தோடும் மழைத் துளி தெறிப்பதோடும் பரவும். ஆகவே நோயற்ற தோட்டத்திலிருந்து விதை வெங்காயம் எடுங்கள். பாத்தியை உயர்த்தி நீர் வடிய விடுங்கள். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். திருகிய செடியைக் கண்ட அன்றே பிடுங்குங்கள். வெங்காயத்தின் மேல் வெங்காயம் நடுவதையும், மிளகாய், கத்தரி, தக்காளி, புகையிலை என்று ஒரே குடும்பப் பயிர்களை அதே துண்டில் அடுத்தடுத்து வைப்பதையும் நிறுத்தி, இடையில் ஒரு போகம் குரக்கனோ, பசளைக்கு உழுதுவிடும் சணலோ போட்டால் மண்ணில் தங்கும் நோய்கள் தளரும்.

வேப்பங்கொட்டைக் கரைசலை எல்லோரும் அறிவர், ஆனால் அரைகுறையாகச் செய்வதால்தான் அதன் மேல் நம்பிக்கை குறைந்தது. நிழலில் உலர்த்திய பருப்பை இடித்து, ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம், அதாவது 16 லீற்றர் தாங்கிக்கு 800 கிராம், இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் பால் போன்ற சாற்றைத் துணியால் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, அன்று பின்னேரமே இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். அது பூச்சியை உடனே கொல்லாது. உண்பதையும் தோலுரிப்பதையும் தடுப்பதால் இளம் பருவத்திலேயே பலிக்கும்.

இவற்றுக்கும் மிஞ்சினால், பிடுங்கிய செடியோடு விவசாயப் போதனாசிரியரிடம் சென்று, அவர் சொல்லும் மருந்தைச் சுட்டுத்துண்டில் உள்ள அளவில் மட்டும் அடியுங்கள். இரண்டு மருந்துகளை உங்கள் மனம்போனபடி கலக்காதீர்கள். அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களையும் சந்தை விலைக்காகக் குறைக்காதீர்கள். வெற்றுப் போத்தலை மூன்று முறை கழுவி, அந்த நீரையும் தாங்கிக்குள்ளேயே ஊற்றி அடித்து முடித்து, போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள். தாங்கியைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் கழுவாமல், நீரை வாளியில் எடுத்துச் சென்று தூரத்தில், அதே பயிர் நிற்கும் மண்ணில் கழுவுங்கள்.