விலங்குகளை வகைப்படுத்தும்போது எங்கே சறுக்குகிறோம்?

விலங்குலகத்தைப் பிரித்துச் சொல் என்றால் பலரும் முதலில் இழுக்கும் கோடு, முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்பதுதான். படிக்கத் தொடங்குபவருக்கு வசதியான கோடு அது, தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது விலங்குலகத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது என்று நினைத்தால் அங்கேயே சறுக்கிவிடுவோம். இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களில் முதுகெலும்பிகள் 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பூச்சிகள் மட்டுமே சுமார் 10 லட்சம் இனங்கள். விலங்குகளுக்கு 30க்கும் மேற்பட்ட தொகுதிகள், அதாவது பெரும் பிரிவுகள், இருக்கின்றன. அவற்றில் முதுகெலும்பிகளுக்கென்று தனித் தொகுதிகூடக் கிடையாது. முதுகுநாணிகள் என்ற தொகுதிக்குள் அவை ஒரு துணைத்தொகுதி, அவ்வளவுதான்.

மீதி எல்லாவற்றையும் 'முதுகெலும்பற்றவை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். கணவாயும் நாடாப்புழுவும் அந்த மூட்டையில் ஒன்றாகக் கிடப்பதற்கு ஒரே காரணம், இரண்டுக்கும் முதுகெலும்பு இல்லை என்பதுதான். இல்லாத ஒன்றை வைத்து உறவு சொல்ல முடியாது. உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தும் முறையை வகுத்த லின்னேயஸே இப்படித்தான் செய்தார். 1758இல் பூச்சி, சிலந்தி, நண்டு ஆகியவற்றை ஒரு வகுப்பாக எடுத்துவிட்டு, மிச்சமிருந்த முதுகெலும்பற்றவை எல்லாவற்றையும் 'புழுக்கள்' என்று இன்னொரு வகுப்பில் போட்டார். நத்தை, நட்சத்திர மீன், இழுதுமீன் எல்லாம் அதில் அடக்கம்.

அந்தப் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. நீளமாக, வழவழப்பாக, கால் இல்லாமல் நெளிந்தால் நமக்கு அது புழு. ஆனால் மண்புழு வளைதசைப்புழுத் தொகுதி, நாடாப்புழு தட்டைப்புழுத் தொகுதி, குடலில் வாழும் அஸ்காரிஸ் உருளைப்புழுத் தொகுதி. கம்பளிப்புழுவோ பூச்சியின் இளம் பருவம். சிசிலியன் என்று ஒரு விலங்கு உண்டு. உடம்பில் வளையங்களோடு மண்ணுக்குள் வாழும், பார்த்தால் பெரிய மண்புழு என்றே தோன்றும். அது தவளைக்குச் சொந்தக்கார இருவாழ்வி!

வாழும் இடத்தை வைத்து முடிவு செய்யும் தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். திமிங்கலம் நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. மீன் வாலை இடவலமாக ஆட்டி நீந்தும், திமிங்கலம் மேலும் கீழுமாக ஆட்டும். அதற்கு இன்று இருப்பவற்றில் நெருங்கிய உறவு நீர்யானை. 1735இல் லின்னேயஸ் திமிங்கலத்தை மீன்களோடுதான் சேர்த்திருந்தார், பிறகு 1758இல் பாலூட்டிகளுக்கு மாற்றினார்.

ஒரே ஒரு பண்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அடுத்த தவறு. குட்டி போட்டால் பாலூட்டி, முட்டையிட்டால் இல்லை என்ற கணக்கு பிளாட்டிபஸிடம் உடைகிறது. அது முட்டையிடும் பாலூட்டி. இன்னொரு பக்கம் கண்ணாடி விரியன், பல சுறாக்கள், தேள் எல்லாம் குட்டி ஈனுகின்றன. செதில் இருந்தால் ஊர்வன என்றால் அழுங்கு எங்கே போகும்? அதன் உடல் முழுக்கச் செதில், ஆனால் பாலூட்டி. பறப்பதை ஒரு குழுவின் அடையாளமாக எடுத்தால் தும்பியும் வௌவாலும் அண்ணன் தம்பி ஆகிவிடும். பாலூட்டிக்குப் பால் சுரப்பியும் உரோமமும், கணுக்காலிக்கு இணைப்புகள் கொண்ட கால்களும் கைட்டின் என்ற உறுதியான பொருளாலான புறக்கூடும் என்று பண்புகளைச் சேர்த்துப் பார்ப்பதே சரி.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த தவறு: வளர்ந்த விலங்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. பாறையிலும் கப்பலின் அடியிலும் சுண்ணாம்பு ஓடு கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் கொட்டலசை நீண்ட காலம் சிப்பி, நத்தை போன்ற மெல்லுடலிகளோடு வைத்திருந்தார்கள். ஓடு இருக்கிறது, நகர்வதில்லை, வேறென்ன வேண்டும்? 1830இல் ஜான் வாகன் தாம்ப்சன் அதன் லார்வா நிலையை விவரித்தார். கால்களை அடித்து நீந்தும் அந்தக் குஞ்சு, இறால், நண்டு கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. நீந்தித் திரிந்துவிட்டு ஒரு கட்டத்தில் தலையை எதிலாவது ஒட்டிக்கொண்டு ஓடு கட்டிக்கொள்கிறது.

அசிடியன் கதை இன்னும் விசித்திரம். வளர்ந்தபின் கடலடியில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும் வெறும் பை அது. கடற்பஞ்சோடு சேர்த்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் லார்வா தலைப்பிரட்டையைப் போல நீந்தும். வாலில் எலும்பல்லாத, வளையும் தண்டு போன்ற முதுகுநாண் இருக்கும், மேலே நரம்பு வடம் இருக்கும். ஆகவே அது முதுகுநாணி, நம்முடைய தொகுதி. முதுகுநாணும் முதுகெலும்பும் ஒன்றே என்று நினைப்பவர்கள் இடறி விழும் இடமும் இதுதான். முதுகெலும்பிகள் எல்லாமே முதுகுநாணிகள்தான், ஆனால் அசிடியனும், மீன் போலத் தோன்றும் சிறு கடல்விலங்கான ஆம்பியாக்ஸஸும் முதுகெலும்பே இல்லாத முதுகுநாணிகள்.

நட்சத்திர மீனும் இப்படியே ஏமாற்றும். ஐந்து கைகளோடு ஆரச்சமச்சீராக இருப்பதால் இழுதுமீனுக்கு உறவு என்று தோன்றும். பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே (Cuvier) அப்படித்தான் இரண்டையும் ஒரே பிரிவில் வைத்தார். ஆனால் நட்சத்திர மீனின் லார்வா நம்மைப் போல இருபக்கச் சமச்சீர் கொண்டது, ஆர வடிவம் பின்னால் வருவது. கருவில் முதலில் தோன்றும் துளை நட்சத்திர மீனில் ஆசனவாயாகிறது, வாய் பிறகு உருவாகிறது. முதுகுநாணிகளிலும் அப்படியே. எனவே நட்சத்திர மீன் அடங்கிய முட்தோலிகள் பூச்சியைவிட, நத்தையைவிட நமக்கு நெருக்கமானவை. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் அதுதான் உண்மை.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. "விலங்குகளின் பெரும் பிரிவுகள்: பூச்சி, மீன், பறவை, மெல்லுடலி" என்று எழுதாதீர்கள். மெல்லுடலி தொகுதி, பூச்சியும் பறவையும் தொகுதிக்குள் வரும் சிறு பிரிவுகளான வகுப்புகள், மீன் என்பதோ ஒரே வகுப்புகூட இல்லை. அமீபாவையும் இதில் சேர்க்க வேண்டாம். உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்து 1969இல் விட்டேக்கர் என்ற அறிஞர் முன்வைத்த ஐந்துலக முறையிலேயே அது விலங்குலகத்துக்கு வெளியே போய்விட்டது. பாடநூலில் துளையுடலி (கடற்பஞ்சு) முதலில், முதுகுநாணி கடைசியில் வருவதால் அது ஏணிப்படி என்றும் எண்ண வேண்டாம். இன்றைய கடற்பஞ்சு நம் மூதாதை அல்ல. நாடாப்புழுவுக்குக் குடல் இல்லாததும் ஆதியிலிருந்து வந்த எளிமை அல்ல, ஒட்டுண்ணி வாழ்க்கையில் இழந்தது.

பாடநூல் வரிசை மாறவே மாறாது என்று நம்புவதும் சரியில்லை. உடல் வளையம் வளையமாகக் கண்டங்களாய்ப் பிரிந்திருப்பதை வைத்து மண்புழுவையும் பூச்சியையும் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். 1997இல் மரபணு ஒப்பீடு வேறு படத்தைக் காட்டியது. தோலுரிக்கும் பழக்கமுள்ள பூச்சிகளும் உருளைப்புழுக்களும் ஒரு கிளை, மண்புழுவோ மெல்லுடலிகளோடு வேறு கிளை. முதலைக்குப் பல்லியைவிடப் பறவை நெருங்கிய உறவு என்பதால் 'ஊர்வன' என்ற வகுப்பும் ஆட்டம் கண்டிருக்கிறது. தேர்வில் முதலையை ஊர்வன என்றே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். விலங்கு மரத்தில் முதலில் பிரிந்தது துளையுடலியா, இழுதுமீன் போலத் தோன்றும் சீப்பு ஜெல்லியா என்ற வழக்கும் முடியவில்லை. 2023இல் வந்த குரோமோசோம் ஒப்பீடு சீப்பு ஜெல்லி பக்கம் சாய்ந்தது. அதனால் இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமாக இருந்தால் அதை அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.