அயர்லாந்துல ஒரு பழைய கோட்டை ஊரை எப்படிப் பாக்கணும்: தக்கலைல இருந்து கெளம்புறவங்களுக்கு

எங்க பக்கம் தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறைன்னு எங்க திரும்பினாலும் அயர்லாந்துல நர்ஸா இருக்குற பிள்ளை ஒண்ணு சொந்தத்துல இருக்கும், எனக்க தங்கச்சியும் கால்வேலதான் இருக்கா. பிள்ளையப் பாக்க அம்மா அப்பாமார் போவாங்க, டப்ளின் கடைத்தெரு, கடலோரப் பாறைன்னு சுத்திட்டு வந்துருவாங்க. கால்வே பக்கத்துலயே அதென்ரைன்னு ஒரு சின்ன ஊரு இருக்கு, அங்க போனா கோட்டை முன்னால ஒரு போட்டோ எடுத்துட்டு இருபது நிமிஷத்துல திரும்பிருதாங்க. எனக்கு அது மனசு கேக்கல. 700, 800 வருஷப் பழசு ஒரு ஊரு முழுசா கண்ணு முன்னால கெடக்கு, அதை எப்படிப் பாக்கணும்னு யாரும் சொல்லித் தரலங்கறதுதான் விஷயம். அதான் எழுதுறேன்.

முதல்ல ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்ன ஒரு சாயங்காலம் பத்மநாபபுரம் போயிட்டு வாங்க. அரண்மனைக்கு இல்ல, அது எப்ப வேணா பாக்கலாம் (திங்கக்கிழமை லீவு, அது கேரளா அரசு கையில இருக்குறதுனால நம்ம லீவ வச்சு கணக்குப் போடாதீங்க). கோட்டைச் சுவரு இருக்குல்லா, அதை ஒட்டி நடங்க. முன்ன மண்கோட்டையா இருந்ததை திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 1744-ல கல்லுக்கோட்டையா கட்டுனாரு, 1795-ல தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிருச்சு, ராஜா போனாரு, சுவரு நின்னுருச்சு. நடக்கும்போது மூணே மூணு விஷயம் பாருங்க: ரோடு எங்க ஒடுங்கி வாசலுக்குள்ள போவுது, தண்ணி எங்க இருக்கு, சுவருக்கு உள்ள எவ்வளவு எடம் வீடில்லாம தோப்பா கெடக்கு. இந்த மூணும் கண்ணுக்குப் பழகிட்டா அதென்ரை பாதி புரிஞ்ச மாதிரி.

கால்வேல இருந்து டப்ளின் ட்ரெயின் ஏறுனா கொஞ்ச நேரத்துலயே அதென்ரை வந்துரும், ஸ்டேஷன்ல இருந்து ஊருக்குள்ள நடந்தே போயிரலாம். எறங்குனதும் கோட்டையத் தேடாதீங்க, ஆத்தத் தேடுங்க. கிளாரின்னு பேரு, ஆறுன்னு சொல்றதவிட நம்ம ஊரு வாய்க்கால்னு சொல்லலாம், அவ்வளவுதான் இருக்கும். ஆனா ஊரோட பேரே அதுல இருந்துதான் வருது. ஐரிஷ்ல பால்ய ஆஹ அன் ரீ, பால்யன்னா ஊரு, ஆஹன்னா ஆத்தை நடந்து கடக்குற துறை, ரீன்னா ராஜா. ராஜாவோட துறையில இருக்குற ஊரு. குழித்துறைக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். எங்க அம்மா பாலத்துல நின்னு தண்ணியக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "மக்ளே, நம்ம சப்பாத்து மாதிரி ஒண்ணு இங்க இருந்துருக்கும், ஆளு எறங்கிப் போவ"ன்னு சொன்னா. சப்பாத்துன்னா ஆத்துக்குக் குறுக்க தாழ்வா போட்ட பாதை. ரொம்ப சரி. கடக்குற எடம் யாரு கையில இருக்கோ, வழிப்போக்கும் வியாபாரமும் அவங்க கையில, அதனாலதான் இங்கிலாந்துல இருந்து படையோட வந்த நார்மன்காரங்க இங்க வந்து உக்காந்தாங்க. மெய்லர் டி பெர்மிங்ஹாம்னு ஒருத்தர் 1240-ஐ ஒட்டி கோட்டை கட்டுறாரு, 1241-ல டொமினிக்கன்னு சொல்ற கத்தோலிக்க சாமியார்மார் சபைக்கு மடம், பக்கத்துலயே சந்தை, ஊரு ரெடி.

அடுத்தது மதிலு, இதுக்குத்தான் நேரத்த ஒதுக்கணும். மதிலோட பெரும்பகுதி இன்னைக்கும் நிக்கி, அயர்லாந்துல இவ்வளவு மிச்சம் இருக்குற ஊரு ரொம்பக் கம்மி. வாசல்ல வடக்கு வாசல் மட்டும்தான் தப்பிச்சிருக்கு, அங்க போய் நில்லுங்க, ரோடு எப்படி ஒடுங்கி உள்ள நுழையுதுன்னு பாருங்க. அந்தக் காலத்துல சரக்கு கொண்டு வர்றவன் இங்கதான் வரி கட்டணும், மியூரேஜ்னு பேரு, மதிலு கட்டுறதுக்கும் பழுது பாக்குறதுக்கும்னே வசூல் பண்ற வரி. நம்ம ஊருல பழைய ஆளுங்க சவுக்கைன்னு சொல்லுவாங்கல்லா திருவிதாங்கூர் காலத்துச் சுங்கத்த, அந்த மாதிரி நினைச்சுக்கிடுங்க, ஆனா துட்டு நேரா கல்லா மாறுது.

மதிலுக்குக் கதை ஒண்ணு உண்டு. 1315-ல ஸ்காட்லாந்துல இருந்து எட்வர்ட் புரூஸ் படையோட வந்து அயர்லாந்து முழுக்க கலவரமா கெடக்கு, அந்த சமயத்துல மேற்கு அயர்லாந்துல உள்ள கானாக்டோட ஐரிஷ் ராஜா ஃபெலிம் ஓகானர் பெரும்படையோட அதென்ரை மேல வர்றாரு, 1316 ஆகஸ்ட் 10-ந்தேதி ஊருக்கு வெளிய சண்டை, ராஜா செத்துட்டாரு, அவரு கூட வந்த தலைவருங்களும் நெறையப் பேரு செத்தாங்க. செத்தவங்ககிட்ட எடுத்த கவசம் ஆயுதத்த வித்துத்தான் மதிலைக் கட்டுனாங்கன்னு ஊருல பரம்பரையா ஒரு பேச்சு இருக்கு. கையை அந்தக் கல்லுல வச்சுட்டு இதை நினைச்சுப் பாருங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

மதிலை ஒட்டியே முழுசா சுத்த முடியாது, சில எடத்துல வேலி, தனியார் வயலு, கேக்காம எறங்காதீங்க, ரோட்டுல இருந்தே நல்லாத் தெரியும். அங்க பாக்க வேண்டியது, மதிலுக்கு உள்ளயும் புல்லுவெளியாவே கெடக்கும். பெருசா வளரும்னு நம்பிப் பெரிய மதிலா போட்டாங்க, ஊரு அந்த அளவுக்கு வளரல. 1597-ல ஹியூ ரோ ஓடானல்னு வடக்குல இருந்த ஐரிஷ் தலைவரு வந்து ஊரைக் கொளுத்துனாரு, அதுக்கப்புறம் எழும்பவே இல்ல, வியாபாரம் எல்லாம் துறைமுகம் இருக்குற கால்வேக்குப் போயிருச்சு. வளர்ந்த ஊருலதான் மதிலை இடிச்சு வீடு கட்டுவாங்க, வளராத ஊருல யாரு இடிக்க? பத்மநாபபுரத்துல பாத்தது இப்ப ஓர்மை வரணும்.

அப்புறம் ஊரு நடுவுல சந்தைச் சதுக்கம். அங்க கல்லுல ஒரு சிலுவை நிக்கும், 1400-கள் கடைசியில உள்ளது, ஒரு பக்கம் சிலுவையில இயேசு, மறு பக்கம் குழந்தையோட மாதா. நடுக்காலத்துல நட்ட எடத்துலயே இன்னும் நிக்கிற சந்தைச் சிலுவை அயர்லாந்துல இது ஒண்ணுதான்னு சொல்றாங்க. உருவம் தேய்ஞ்சுதான் இருக்கும், காலைல சாஞ்ச வெயில்ல பாத்தா முகம் தெரியும், உச்சி வெயில்ல ஒண்ணும் தெரியாது. அம்மா நம்ம ஊரு குருசடி முன்னால போடுற மாதிரியே சிலுவை போட்டுக்கிட்டா. விலை பேசுறவன் பொய் சொல்லக் கூடாதுன்னு சந்தை நடுவுல சாமிய வச்சுருக்காங்கன்னு அவளா ஒரு காரணமும் சொன்னா, எனக்கு அது நல்லாத்தான் பட்டுச்சு.

மடம் ஆத்துக்கு அந்தாண்ட, கூரை இல்ல, பூட்டியும் கெடக்கலாம், ஆனா பெரிய ஜன்னலோட கல்லு வேலை வெளிய இருந்தே தெரியும். ஒரு விஷயம் மட்டும் மனசுல வச்சுட்டுப் பாருங்க. எடம் வாங்கிக் குடுத்தது நார்மன்காரரு மெய்லர், ஆனா சாமியார்மார் சாப்பிடுற கூடத்தக் கட்டிக் குடுத்தது ஐரிஷ் ராஜா ஒருத்தரு, அவரு பேரும் ஃபெலிம் ஓகானர்தான், 1316-ல செத்தவரு இல்ல, அதுக்கு முந்தின காலத்துல இருந்தவரு. மதிலுக்கு வெளிய வெட்டிக்கிட்டவங்க மடத்துக்குள்ள சேந்து கட்டுனாங்க. ஐரிஷ்காரன் ஒரு பக்கம் நார்மன்காரன் ஒரு பக்கம்னு கோடு போட்டு இந்த ஊரைப் புரிஞ்சுக்க முடியாது, நம்ம எல்லையிலயும் தமிழ் எங்க முடிஞ்சு மலையாளம் எங்க தொடங்குதுன்னு களியக்காவிளைல நின்னு சொல்லச் சொன்னா சொல்ல முடியுமா.

கோட்டைய கடைசியா வச்சுக்கிடுங்க. குளிர்காலத்துல அடச்சிருப்பாங்க, நேரம் பாத்துட்டுப் போங்க. கிட்ட போனதும் வாசல் எங்கன்னு தேடுங்க, தரையில இருக்காது, ஒரு மாடி உசரத்துல இருக்கும். எதிரி வந்தா ஏற முடியாம இருக்க அப்படி வச்சது. சுவரோட அடிப்பக்கம் வெளிய சரிஞ்சு தடிச்சு நிக்கும், ஜன்னல்ல பலதும் அம்பு விடுற கீறல்தான். இவ்வளவு பயந்து கட்டுனவன் அந்த வாசல் கல்லுலயும் உள்ள ரெண்டு ஜன்னல்லயும் இலையும் கொடியுமா செதுக்கி வச்சுருக்கான், ஏறும்போது நின்னு பாருங்க, எனக்கு அந்த ஊருலயே ரொம்பப் பிடிச்சது அதுதான்.

இப்ப ஏறுறதுக்குப் படி போட்டுருக்காங்க. முட்டி வலி உள்ள அம்மாமாரைக் கட்டாயப்படுத்தி ஏத்தாதீங்க, மழைக்குக் கல்லு வழுக்கும், செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ போட்டுக்கிடுங்க. எங்க அம்மா பாதிப் படில அந்தக் கொடியத் தடவிப் பாத்துட்டு, போதும்னு கீழ எறங்கிட்டா.