ரோபோட்டுக்கு அறிவு சேர்க்கும் முன்: ஐடிஎஸ் திட்டச் சொற்கள், படிப்படியாக

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில், டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோட் என்றுதான் பெயர். சென்னையிலிருந்து வந்த நண்பரிடம் "அடுத்த ரோபோட்டில் இடப்பக்கம் திரும்புங்கள்" என்றேன். மனிதர் ஏதோ பொம்மையைத் தேடிக்கொண்டே சந்திப்பைத் தாண்டிப் போய்விட்டார்.

இந்த ரோபோட்டுக்கு அறிவு சேர்ப்பதும் அறிவார்ந்த போக்குவரத்து அமைப்பின் வேலைதான். சுருக்கமாக ஐடிஎஸ். அதன் திட்ட ஆவணத்தைத் திறந்தால் சொற்களே மிரட்டும். மனப்பாடம் வேண்டாம், ஒரு தாளை எடுத்து, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஹிக்கின்சன் ஹைவேயை ஒட்டி ஒரு சந்திப்பை வரைந்துகொள்ளுங்கள். லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு, வந்தால் அங்கே ரோபோட் அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ஸ்டேக்ஹோல்டர்

சொத்தில் பங்கு கேட்கும் பங்காளி இல்லை. அந்தச் சந்திப்பால் நன்மையோ தொல்லையோ அடைகிற எல்லோரும். மாநகராட்சி, போலீஸ், ஆம்புலன்ஸ் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மினிபஸ் டாக்ஸி ஓட்டுநரும், நடந்து கடக்கும் ஆயாவும் பட்டியலில் வர வேண்டும்.

படி 2: பயனர் தேவை

பலரும் சறுக்கும் இடம் இதுதான். "பேட்டரி வாங்க வேண்டும்" என்பது தேவை அல்ல, அது தீர்வு. "மின்சாரம் போனாலும் சந்திப்பைப் பயமில்லாமல் கடக்க வேண்டும்" என்பதே தேவை. கருவியின் பெயர் வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

படி 3: கான்ஆப்ஸ்

இயக்கக் கருத்துரு என்பார்கள். அமைப்பு வந்தபின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கதை மாதிரி எழுதுவது. இப்போது ரோபோட் அணைந்தால் சட்டப்படி அது நான்கு பக்கமும் நின்று போகும் சந்திப்பு. முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும். மாலை 6 மணிக்கு யார் முதலில் வந்தார் என்பது அவரவர் மனசாட்சிக்கே வெளிச்சம். இனி மின்சாரம் போனதும் என்ன எரியும், யாருக்குத் தகவல் போகும், யார் கிளம்பி வருவார்? எழுதுங்கள்.

படி 4: ஆர்க்கிடெக்சர்

கட்டடம் இல்லை, உறவு வரைபடம். N2, N3 நெடுஞ்சாலைகள் தேசியச் சாலை நிறுவனமான சான்ரால் பொறுப்பு; ஊருக்குள் இருக்கும் ரோபோட் டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியுடையது. இரண்டையும் கட்டங்களாகப் போட்டு அம்புக்குறியால் இணையுங்கள். அம்புதான் தகவல் ஓட்டம். அம்பு கட்டத்தைத் தொடும் இடம் இன்டர்ஃபேஸ்.

படி 5: ரெக்வயர்மென்ட்

தேவையை அளக்கக்கூடிய வாக்கியமாக மாற்றுங்கள். மின்வெட்டு ஒரு தடவைக்கு 2 மணி நேரம் என்றால், கொஞ்சம் கூடுதலாக வைத்து, "மின்சாரம் இல்லாமல் ரோபோட் 150 நிமிடம் எரிய வேண்டும்". "நீண்ட நேரம்" என்று எழுதினால் பிறகு ஒப்பந்தக்காரரோடு சண்டைதான்.

படி 6: வெரிஃபிகேஷன், வேலிடேஷன்

இரண்டும் ஒன்றென்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மெயின் சுவிட்சை அணைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 150 நிமிடம் எரிந்ததா? அது வெரிஃபிகேஷன், எழுதியபடி செய்தார்களா என்ற கேள்வி.

வேலிடேஷன், செய்தது உண்மையான தேவையைத் தீர்த்ததா என்ற கேள்வி. அதற்கு ஆயாவை அழைத்து வாருங்கள். சாலை 18 மீட்டர் அகலம். நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று கணக்குப் போட்டு, கடக்க 15 நொடி கொடுத்திருக்கிறார்கள். மளிகைப் பையோடு வரும் ஆயாவின் நடை நொடிக்கு 0.9 மீட்டர், அவருக்கு 20 நொடி வேண்டும். பேட்டரி பாஸ். ஆயா இன்னும் நடுரோட்டில்.

சரி, தாளைத் திருப்புங்கள். இரண்டாம் படிக்குப் போய் அவர் தேவையைத் தனி வரியாக எழுதுங்கள்.