தோட்டத்துப் பம்புக்கு எந்த வயர்? முதலில் நீளத்தை அளந்து பாருங்கள்

வீட்டுக்குள் வயர் போட ஒரு மனப்பாடக் கணக்கு உண்டு. விளக்குக்கு 1.5, பிளக் பாயிண்டுக்கு 2.5, வாட்டர் ஹீட்டருக்கு 4. எல்லாம் சதுர மில்லிமீட்டர், எல்லாம் செப்புக் கம்பி. பினாங்கில் ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் பக்கத்து வரிசை வீடுகளில் இது பெரும்பாலும் சரியாக வரும். வீட்டுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியிலிருந்து கடைசி அறை வரை போனாலும் தூரம் குறைவுதான். ஆனால் பின்கதவைத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். வெளியே பாதி வேலைகளில் வயரின் அளவைத் தீர்மானிப்பது நீளம்தான்.

பாலேக் பூலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, பம்பு மறுபடியும் போச்சு. வேற பிராண்டு வாங்கட்டுமா?" ஒன்றரை எச்பி, அதாவது ஒன்றரை குதிரைத்திறன் பம்பு. வீட்டு டிபியிலிருந்து 45 மீட்டர். போட்டிருந்தது 1.5 வயர். சுவிட்சைத் தட்டினால் பம்பு 'ம்ம்ம்' என்று முனகும், வீட்டு விளக்கு ஒரு நொடி மங்கும், அப்புறம் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். பம்பின் முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு சுவிட்ச் போடச் சொன்னேன். 228 வோல்ட் இருந்தது, 180 பக்கம் விழுந்தது. பம்பில் குறை ஒன்றும் இல்லை, வயர்தான் போதவில்லை.

இதை வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் பார்த்துவிடலாம். முதலில் மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆம்பியரைப் படியுங்கள். எச்பியை 746ஆல் பெருக்கி 230ஆல் வகுத்தால் வருவது குறைவான எண். எச்பி என்பது மோட்டார் வெளியே தரும் வேலை, அது இழுக்கும் மின்சாரம் அதைவிட அதிகம். அந்த ஒன்றரை எச்பிக்கு வகுத்தால் 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே வரும். தகட்டில் இருந்தது 8.

அடுத்தது நீளம். கண்ணால் மதிப்பிடாதீர்கள், டேப்பை இழுத்து அளந்து பாருங்கள், வயர் போகும் வழியிலேயே. சுவரில் ஏறி இறங்குவதும் மூலை சுற்றுவதும் சேர்த்தி. அப்புறம் ஒவ்வொரு வயருக்கும் ஒரு எண் இருக்கிறது: ஒரு ஆம்பியர் ஒரு மீட்டர் போனால் எத்தனை மில்லிவோல்ட் இழக்கும் என்பது. ஒரு ஃபேஸ், பிவிசி செப்பு வயருக்கு 1.5 என்றால் 29, 2.5க்கு 18, 4க்கு 11, 6க்கு 7.3, 10க்கு 4.4. போக வர இரண்டு கம்பிக்கும் சேர்த்துத்தான் இந்த எண், அதனால் நீளத்தை இரண்டால் பெருக்க வேண்டாம். எண், ஆம்பியர், மீட்டர் மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வோல்ட் வந்துவிடும். மொத்த இழப்பு 4 விழுக்காட்டுக்குள், அதாவது 230க்கு 9.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

அண்ணனின் பம்புக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 வயரில் 29 × 8 × 45, ஏறக்குறைய 10.4 வோல்ட். எல்லை தாண்டிவிட்டது. 2.5இல் 6.5 வோல்ட், தேறிவிட்டது. கடைக்காரர்கள் இங்கேதான் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். ஐந்து மடங்கு என்றே வையுங்கள், 40 ஆம்பியர். 2.5இல் அந்த நொடியில் 32 வோல்ட் காணாமல் போகும், 4இல் சுமார் 20. தோராயக் கணக்குதான், ஆனால் முடிவெடுக்கப் போதும். மோட்டார் சுழற்றும் பலம் வோல்டேஜின் இருபடிக்கு ஏற்பக் குறையும். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் பலம் 60 விழுக்காடுதான். கிளம்ப முடியாமல் முனகும் ஒவ்வொரு முறையும் சுருள் சூடாகும், கொஞ்ச நாளில் கருகும். இதோடு மின்வாரியமான டிஎன்பி தரும் மின்சாரமே 230இலிருந்து 6 விழுக்காடு வரை இறங்கலாம், 216 வரை. அதற்கும் இடம் விட்டு 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தேன். பம்பு, கம்ப்ரசர், பிரஷர் வாஷர், எதுவானாலும் மோட்டார் என்றால் நான் ஒரு அளவு கூட்டித்தான் போடுவேன்.

12 வோல்ட் தோட்ட விளக்குக்காரர்களுக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி காத்திருக்கிறது. 60 வாட் விளக்கு என்றால் 5 ஆம்பியர். 1.5 வயரில் 20 மீட்டர் போனால் இழப்பு 2.9 வோல்ட். 230இல் அது ஒன்றுமே இல்லை, 12இல் கால்வாசி போச்சு. கடைசி விளக்கு மட்டும் மங்கலாக எரியும். தடித்த வயர் தேடி அலைவதைவிட டிரான்ஸ்ஃபார்மரை விளக்குகளுக்குப் பக்கத்தில், மழை படாத பெட்டியில் வைத்துவிடுங்கள்.

சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவரில் பைப்புக்குள் போகும் 2.5 வயர் 24 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்லும், அது 30 பாகை வெப்பத்துக்கு. நம் வெயிலில் 40 என்றால் 0.87ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் மூன்று சர்க்யூட் திணித்திருந்தால் மறுபடி 0.7. மிஞ்சுவது 14.6 ஆம்பியர். முன்னால் இருப்பதோ 20 ஆம்பியர் எம்சிபி, அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்! அது அணைவதற்குள் வயர் சூடேறிவிடும். கார் போர்ச்சின் ஜிங்க் கூரைக்கு அடியில் ஓடும் பைப்பை மதியம் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஹார்ட்வேர் கடையில் ஃபிளெக்ஸ் வயர் வாங்கும்போது 40/0076, 70/0076 என்று கேட்பார்கள். பழைய அங்குலக் கணக்கு அது: 0.0076 அங்குல இழை எத்தனை என்பது. 40 இழை என்றால் சுமார் 1.2, 70 இழை என்றால் சுமார் 2. 70ஐ 2.5 என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு, நம்பாதீர்கள். மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரையும் பாருங்கள். விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் முனையைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். செம்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் உள்ளே அலுமினியம். மேலே சொன்ன எண் எதுவும் அதற்குப் பொருந்தாது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வழியில் பந்தல் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 3000 வாட் பாய்லர் 13 ஆம்பியர் இழுக்கும். 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ரீலில் 1.5 வயர் இருந்தால் 11 வோல்ட்டுக்கு மேல் இழப்பு. அதுகூடப் பரவாயில்லை, தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆபத்து என்னவென்றால் பாதி வயரை ரீலிலேயே சுற்றி வைப்பது. சூடு வெளியேற வழியில்லாமல் உள்சுற்றுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

வயரின் வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணுக்குள் போனால் இரும்புக் கவசம் உள்ள ஆர்மர்ட் கேபிள், சுவரில் போனால் பைப். வெள்ளை பிவிசி ஃபிளெக்ஸை வெயிலில் விட்டால் வெடித்துப் பொடியும். தஞ்சோங் தோக்கோங் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக்காற்று முனைகளைப் பச்சையாக்கிவிடும், இறுக மூடும் பெட்டி வேண்டும்.

வயரைப் பெரிதாக்கியதால் எம்சிபியையும் பெரிதாக்காதீர்கள், அது கருவிக்கு ஏற்ற அளவிலேயே இருக்கட்டும். வெளிப் பிளக் பாயிண்டுக்கு, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, தரை எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்துக்கு 10. எர்த் வயர் இல்லாமல் எதையும் ஓட்டாதீர்கள். கணக்கை நீங்கள் போடலாம், டிபி பெட்டியைத் திறப்பது எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனின் வேலை.

பெரிய வயர் போட்டவர்களுக்குக் கடைசியில் ஒரு சிக்கல் வரும்: 6 சதுர மில்லிமீட்டர் வயர் பம்பின் சின்ன முனைக்குள் நுழையாது. சிலர் நான்கு இழையை வெட்டிவிட்டு மிச்சத்தைத் திணிப்பார்கள். அந்த இடத்தில்தான் பின்னால் கருகும். பம்புக்கு அருகில் மழை புகாத இணைப்புப் பெட்டி ஒன்று வைத்து, அங்கே 6ஐ முடித்து, பெட்டியிலிருந்து பம்பு வரை அரை மீட்டர் 2.5 ஃபிளெக்ஸ் விடுங்கள். அந்த அரை மீட்டரில் வோல்டேஜ் இறங்குவது மீட்டரில்கூடத் தெரியாது.