பானட்டைத் திறந்தால் ஒரே அழுக்கா? ஓஸைத் தூக்காமல் இன்ஜினைச் சுத்தம் செய்யும் முறை

இன்ஜினைச் சுத்தம் செய்ய முக்கால்வாசி பிரஷ்ஷும் துணியும் போதும். தண்ணீர் கடைசியில்தான், அதுவும் கொஞ்சமாக. நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் பிரஷர் கன், அப்புறம் டீசல் ஸ்ப்ரே, வண்டி மினுமினுவென்று வெளியே வரும்.

எங்கள் வீட்டு வேகன்ஆருக்கும் அதுதான் நடந்தது. பாடி வாஷுக்கு விட்ட இடத்தில் கேட்காமலேயே பானட்டைத் திறந்து கன்னால் அடித்துவிட்டார்கள். அன்று நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரே உதறல், டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு. அந்த உதறலின் காரணத்தையும் அதை வீட்டிலேயே சரிசெய்யும் வழியையும் கீழே விரிவாகச் சொல்கிறேன். அந்த அனுபவத்துக்குப் பிறகு இந்த வேலையை யாரிடமும் கொடுப்பதில்லை.

அழகுக்காக மட்டும் செய்கிற வேலையும் இல்லை இது. அழுக்கு அப்பிய இன்ஜினில் ஆயில் எங்கே கசிகிறது என்றே தெரியாது. துடைத்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், வால்வ் கவர் (இன்ஜினின் மேல் மூடி) ஓரத்தில் ஈரம் துளிர்த்திருப்பது பளிச்சென்று தெரியும். எலி கடித்த ஒயரும் அப்படித்தான் கண்ணில் படும். (செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது பானட்டுக்குள் புதுக் கார்போல மினுக்கினால் கொஞ்சம் உஷாராக இருங்கள். கசிவைத் துடைத்து மறைத்திருக்கலாம்.)

என்னென்ன வேண்டும்

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 1 இன்ச், 2 இன்ச் பெயின்ட் பிரஷ் ஒவ்வொன்று. அதன் தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் பெயின்ட்டில் கீறும், பேட்டரி பக்கம் தெரியாமல் பட்டால் பொறி பறக்கும். கார் கடைகளில் விற்கும் 'டீட்டெய்லிங் பிரஷ்' செட்டை நான் வாங்கியதில்லை, இதுவே போதும். ஒரு பழைய டூத் பிரஷ், கையுறை, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் 2 லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயர்.

துணிக்கு, மெக்கானிக் கடைகளில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சுற்று அழுக்குக்கு மைக்ரோஃபைபர் துணியை எடுப்பது வீண் செலவு. ஒரே துடைப்பில் கறுத்துவிடும், கிரீஸ் ஏறிய பிறகு துவைத்தாலும் தேறாது. மைக்ரோஃபைபரைக் கடைசித் துடைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளீனர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நீரில் கரையும் டீகிரீசர் (கிரீஸை நீக்கும் திரவம்) அல்லது ஆல் பர்ப்பஸ் கிளீனர் மட்டும்தான். பாட்டிலில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். பொதுவாகத் தூசிக்கு ஒன்றுக்குப் பத்து பங்கு தண்ணீர், கிரீஸ் அப்பிய இடத்துக்கு ஒன்றுக்கு நான்கு போதும். கெட்டியாக அடித்தால் சீக்கிரம் போகும் என்று நினைக்காதீர்கள். காரம் அதிகமானால் வெறும் அலுமினியப் பாகங்களில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், அது போகவே போகாது.

டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் மூன்றும் வேண்டாம். தீப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதிகம் பேசப்படாத காரணம் ரப்பர். ரேடியேட்டர் ஓஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்தவை. கூலன்ட்டையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் மட்டும் உப்பி மெத்தென்று ஆகிவிடும். டீசல் தரும் மினுமினுப்பு இரண்டு நாள். அதன் மேல் ஒட்டும் புழுதி அடுத்த சர்வீஸ் வரை இருக்கும்.

எப்போது

வண்டி ஓட்டி வந்த உடனே வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கொதிக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. டீகிரீசரும் பட்ட இடத்திலேயே காய்ந்து கறையாகும். கை வைத்தால் பொறுக்கிற வெதுவெதுப்பு இருந்தால் போதும். நிழலில் நிறுத்துங்கள், சாவியைக் கையோடு எடுத்துவிடுங்கள். சில கார்களில் இக்னிஷன் ஆஃப் ஆன பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், அதன் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

படி 1: தண்ணீர் தொடாத வேலை

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் வேப்பிலையும் புங்க இலையும் மக்கிக் கிடக்கும். கையாலேயே அள்ளிவிடுங்கள். அங்கே இருக்கும் வடிகால் துளை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் காருக்குள் கால் வைக்கும் இடத்துக்கு வந்துவிடும். அப்புறம் காய்ந்த பிரஷ்ஷால் எல்லா இடமும் ஒரு சுற்றுத் தட்டி, புளோயரோ வாக்குவம் கிளீனரோ இருந்தால் ஊதி எடுங்கள். பானட்டின் உட்பக்கம் இருக்கும் கறுப்பு மெத்தையை நனைக்கவே வேண்டாம், லேசாகத் தட்டினால் போதும்.

எலிப் புழுக்கை இருந்தால் மட்டும் காய்ந்த பிரஷ் வேண்டாம். எலி மூத்திரத்தால் எலிக் காய்ச்சல் வரும். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்துச் சில நிமிடம் ஊறவிட்டு, பழைய துணியால் வழித்தெடுத்துக் கட்டித் தூக்கிப் போடுங்கள். மழைக்காலத்தில் இன்ஜின் சூட்டுக்கு எலி வந்து குடியிருப்பது சகஜம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளேயும் பாருங்கள்.

படி 2: பேட்டரி

முதலில் நெகட்டிவ், கறுப்பு ஒயர். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். கழற்றிய ஒயர் திரும்ப டெர்மினலைத் தொடாமல் ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். கடிகாரமும் ரேடியோ சேனல்களும் அழிந்துபோகலாம். ஸ்டீரியோவுக்குக் கோட் நம்பர் உள்ள காராக இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு வரும், அமிலம் முறிகிறது என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், சோடா உள்ளே போகக் கூடாது. ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

படி 3: மூடி வைப்பது

ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), ஃபியூஸ் பாக்ஸ், கம்ப்யூட்டர் பெட்டி, ஏர் ஃபில்டர் காற்று இழுக்கும் வாய், இக்னிஷன் காயில்கள் (பிளக்குக்கு மின்சாரம் தருபவை). இவற்றைக் கேரி பேக்கால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். ஆயில் மூடி, டிப்ஸ்டிக், கூலன்ட் மூடி, பிரேக் ஆயில் மூடி எல்லாம் இறுக்கமா என்று தொட்டுப் பாருங்கள். எத்தனை பை போட்டீர்கள் என்று எண்ணி வையுங்கள். மறந்துபோன ஒரு பை, சூடான எக்ஸாஸ்ட்டில் உருகி ஒட்டினால் நாற்றம் பல நாள் போகாது.

படி 4: தேய்ப்பது

டீகிரீசரை இன்ஜின் மேல் பீய்ச்சாதீர்கள். பிரஷ்ஷில் அடித்து, பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு முழ அகலம் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு, தேய்த்து, காய்வதற்குள் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு அடுத்ததுக்கு நகருங்கள். மேலே பிளாஸ்டிக் மூடிகளில் தொடங்கிக் கீழே போக வேண்டும். கனெக்டர்கள் மேல் ஈரப் பிரஷ் வேண்டாம், ஈரத் துணியால் ஒற்றினால் போதும். பெல்ட்டை விட்டுவிடுங்கள். நேரம் எடுக்கும் படி இதுதான், ஆனால் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

படி 5: அலசுவது

துணியால் வராத டீகிரீசரை எடுக்க மட்டும் பம்ப் ஸ்ப்ரேயரில் தண்ணீர், பூத்தூவல் மாதிரி. வீட்டு ஓஸ்கூட வேண்டாம் என்பேன். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் அழுத்தத்தில் மடங்கிவிடும், காற்று போகும் வழி அடைந்துவிடும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் கறுப்பு பிளாஸ்டிக் முழுக்க வெள்ளைப் படலம் நிற்கும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் இதற்குப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம், உப்பு முழுவதும் சேர்ந்திருப்பது அதில்தான். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு கிடையாது, திட்டே விழாது.

தண்ணீரைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் போர்டிகோ தண்ணீரும் அந்தக் குழிக்குத்தான் போகிறது. ஆயில் கலந்த தண்ணீர் அதில் இறங்கினால் நம் போருக்கே நாம் கேடு செய்வதுபோல. கீழே பழைய துணியை விரித்து வைத்தால் சொட்டுகிற கொஞ்சமும் அதிலேயே நின்றுவிடும்.

படி 6: காய வைப்பது, பிளக் குழியைப் பார்ப்பது

என்னை அலைய வைத்த இடம் இது. பல பெட்ரோல் இன்ஜின்களில் ஸ்பார்க் பிளக், இன்ஜின் தலையில் ஆழமான குழிக்குள் இருக்கும். அதன் மேல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு காயில், ரப்பர் உறையோடு உட்கார்ந்திருக்கும். வேகமாக அடித்த தண்ணீர் ரப்பர் ஓரமாக உள்ளே இறங்கினால் வெளியே வர வழியில்லை, குழியில் தேங்கி நிற்கும். பிளக்கின் முனையில் பாய வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியாகப் பக்கத்துச் சுவருக்குப் போய்விடும், அந்தச் சிலிண்டர் எரியாது. எங்கள் வேகன்ஆரில் இருப்பது 3 சிலிண்டர் இன்ஜின். மூன்றில் ஒன்று படுத்துவிட்டால் ஸ்டீயரிங் வரை உதறாமல் என்ன செய்யும்?

அப்படி ஆனால் 'ஓட ஓடக் காய்ந்துவிடும்' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். எரியாத பெட்ரோல் அப்படியே கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) போய் அங்கே எரிந்து அதைக் கெடுக்கும். பிளக் செலவு எங்கே, கன்வர்ட்டர் செலவு எங்கே.

செய்ய வேண்டியது இது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும். காயில் கனெக்டரின் கிளிப்பை அழுத்தி உருவுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. எது எந்தச் சிலிண்டர் என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். காயிலைப் பிடித்திருக்கும் ஒரு போல்ட்டைக் கழற்றி, லேசாகத் திருகியபடி நேராக மேலே தூக்குங்கள். டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். தண்ணீர் இருந்தால் உள்ளே மினுங்கும்.

இப்போது கை துறுதுறுக்கும், பிளக்கைக் கழற்றிவிடலாம் என்று. வேண்டாம். பிளக்கைக் கழற்றினால் குழியில் இருக்கும் தண்ணீரும் மண்ணும் நேராகச் சிலிண்டருக்குள் விழும். பனியன் துணியைத் திரிபோல முறுக்கி உள்ளே விட்டு உறிஞ்சி எடுங்கள். துணி ஈரமில்லாமல் வரும்வரை திரியை மாற்றிக்கொண்டே இருங்கள். புளோயர் இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள், தண்ணீர் முகத்தில்தான் அடிக்கும். காயிலின் ரப்பர் உறையைத் துடைத்து வெயிலில் வையுங்கள். ரப்பரில் வெடிப்பு இருந்தால் அதை மாற்றிவிடுவது நல்லது, அடுத்த மழையிலேயே திரும்ப இதே கதை வரும். எல்லாம் காய்ந்ததும் அதே வரிசையில் மாட்டுங்கள், கனெக்டர் 'டக்' என்று உட்கார வேண்டும்.

மேலே சொன்னபடி துடைத்து மட்டும் செய்தால் இந்தப் பகுதிக்கு வேலையே இருக்காது. ஆனாலும் ஒரு காயிலையாவது தூக்கிப் பார்த்துவிட்டு மூடுவது என் வழக்கம்.

பிறகு பைகளை எண்ணி எடுத்துவிட்டு, புளோயரால் இடுக்குகளை ஊதி, பானட்டைத் திறந்தபடி ஒரு மணி நேரமாவது விடுங்கள். நெகட்டிவ் ஒயரைக் கடைசியாக மாட்டி, டெர்மினல் மேல் கொஞ்சம் வேஸ்லின் தடவி, 10 நிமிடம் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல்) ஓடவிடுங்கள். மிச்ச டீகிரீசர் சூட்டில் ஆவியாகி லேசாகப் புகை, வாடை வரலாம். தொடர்ந்து வந்தாலோ பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தாலோ உடனே நிறுத்துங்கள். பேட்டரி கழன்றிருந்ததால் ஐடில் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும், அது தானாகப் படியும்.

படி 7: மினுக்கல்

விருப்பம்தான். நீர் கலந்த, பால்போல வெள்ளையாக இருக்கும் டிரெஸ்ஸிங்கை (பிளாஸ்டிக், ரப்பருக்கான பாலிஷ்) துணியில் எடுத்து பிளாஸ்டிக், ஓஸ்கள் மேல் பூசி, கால் மணி நேரம் கழித்து உபரியைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள டயர் பாலிஷ் வகைகள் புழுதியை இழுக்கும். பெல்ட்டிலும் புல்லியிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது, வழுக்கிக் கீச்சிடும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. டீசல் கார்களில் பிளக் குழித் தொல்லை இல்லை, ஆனால் இன்ஜெக்டர் கனெக்டர்களை மூட வேண்டும். சிஎன்ஜி கிட் பொருத்திய காரில் ரெகுலேட்டர், கேஸ் குழாய், அவற்றின் ஒயர்களைத் தொடாமல் சுற்றியுள்ள இடத்தை மட்டும் துடையுங்கள். கேஸ் வாடை வந்தால் துடைக்கவே வேண்டாம், ஃபிட்டரைக் கூப்பிடுங்கள்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. பானட்டுக்குள் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் அது உயர் மின்னழுத்த ஒயர். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் அங்கே கை வைக்கக் கூடாது. மேல் மூடியைக் காய்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.