வீட்டு மரத்தை வெட்டும் முன்: அனுமதி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பத்திரம் என் பெயரில் இருக்கிறது, மரம் அப்பா வைத்தது. இதை வெட்ட நான் யாரைக் கேட்க வேண்டும்?" முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. நிலம் உங்களுடையது என்பது வேறு, அதில் நிற்கும் மரத்தை வெட்டும் உரிமை வேறு. இலங்கையில் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த வளவில் நிற்கும் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் தறிக்கக் கூடாது. டெல்லியில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிலத்து மரங்களுக்கும் பொருந்தும். இங்கிலாந்தில் ஒரே ஒரு மரத்துக்கென்றே பாதுகாப்பு ஆணை இருக்கலாம்.

இப்படி இடத்துக்கு இடம் மாறுவதால், அடுத்த ஊரில் யாரோ கேட்காமலே வெட்டினார்கள் என்பதை நம்பி இறங்க முடியாது. உள்ளாட்சி அலுவலகத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இந்த மரத்துக்குத் தனி ஆணை இருக்கிறதா, தெரு பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா, இந்த இனம் வெட்டக் கட்டுப்பாடு உள்ள மரங்களின் பட்டியலில் உள்ளதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டு வரைபடத்துக்குக் கிடைத்த ஒப்புதலிலேயே மரமும் அடங்கிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

அப்புறம் அளவு. பல சட்டங்கள் மரத்தின் பருமனை வைத்தே எல்லை போடுகின்றன. மலேசியாவின் நகரத் திட்டமிடல் சட்டத்தில் 0.8 மீட்டர் என்பது தண்டின் சுற்றளவு. இங்கிலாந்தின் பாதுகாப்புப் பகுதிகளில் (பழைமை, கட்டிட அழகு கருதிப் பாதுகாக்கப்படும் தெருக்கள்) 75 மில்லிமீட்டர் என்பது தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அளந்த விட்டம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். 30 சென்டிமீட்டர் அகலம்தான் தெரிகிறது, சின்ன மரம் என்று தோன்றும். நாடாவைச் சுற்றிப் பாருங்கள், 94 சென்டிமீட்டர் வரும். 0.8 மீட்டர் எல்லையை அது எப்போதோ தாண்டிவிட்டது. நாடா சுற்றியபடியே, எண் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள்.

"வெட்டவில்லையே, கிளையைத்தானே கழித்தேன்" என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. டெல்லிச் சட்டத்தில் 'வெட்டுதல்' என்ற சொல்லுக்குள்ளேயே கிளை கழிப்பது, மொட்டையடிப்பது, பட்டையை வளையமாக உரிப்பது, மரக்கொல்லி மருந்து போடுவது, எரிப்பது எல்லாம் வந்துவிடுகின்றன.

இதில் என்னை மிகவும் வருத்துவது பட்டை உரிப்பது. இலையில் தயாராகும் உணவு பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்டைச் சுற்றி ஒரு வளையம் உரித்தால், மேலே இலை பச்சையாக இருக்கும்போதே கீழே வேர் பட்டினி கிடக்கும். மரம் மெல்ல மெல்லக் காயும். தானாகப் பட்டுப்போனது என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்கிறார்கள். ஆனால் கத்தி பட்ட விளிம்பும், மருந்து ஊற்றத் துளைத்த ஓட்டையும் தண்டில் அப்படியே இருக்கும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

நிஜமாகவே சாயும் மரம் என்றால்? உடனடி ஆபத்துக்குப் பல சட்டங்களில் விலக்கு உண்டு. டெல்லியில் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் மர அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே நடக்கும் தவறு, பதற்றத்தில் சாட்சியையும் சேர்த்து அகற்றிவிடுவது. மரம் நிற்கும்போதே சாய்வு, வெடிப்பு, வேர் தூக்கியிருக்கும் மண் எல்லாவற்றையும் படம் எடுங்கள். உள்ளே பொந்து விழுந்திருந்தால் அந்தத் துண்டையும் அடிக்கட்டையையும் அதிகாரி பார்க்கும்வரை வைத்திருங்கள். ஆபத்து இருந்தது என்று காட்ட உங்களிடம் வேறு எதுவும் மிஞ்சாது.

விண்ணப்பித்தும் பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? இங்கிலாந்தையே பாருங்கள். பாதுகாப்புப் பகுதி மரத்துக்கு ஆறு வாரம் முன்பே அறிவிப்புக் கொடுத்து, அதற்குள் தடை வரவில்லை என்றால் வெட்டலாம். தனி ஆணை உள்ள மரத்துக்கு எட்டு வாரம் கடந்தும் பதில் இல்லை என்றால் மேல்முறையீடுதான் செய்யலாம், வெட்ட முடியாது. ஒரே நாட்டில், ஒரே மௌனத்துக்கு இரண்டு அர்த்தம். உங்கள் இடத்தில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மரம் வெட்ட வருபவர் "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்பார். சரி, காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். வழக்கு வந்தால் அவரோடு உங்கள் பெயரும் சேரும். எல்லைக் கோட்டில் நிற்கும் மரம் என்றால் பக்கத்து வீட்டாரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

அனுமதி கையில் வந்த பிறகும் அவசரம் வேண்டாம். எந்த மரம், எந்தத் தேதி வரை, பதிலுக்கு எத்தனை கன்று என்று அதில் எழுதியிருக்கும். தேக்கு, சந்தனம் போன்ற மரங்களை ஏற்றிச்செல்ல இந்தியாவில் பல மாநிலங்களில் தனிச் சீட்டு தேவை. வெட்டும் நாளன்று காலையில் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை வேலையைத் தள்ளிவையுங்கள். பயன்பாட்டில் உள்ள கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் தனிக் குற்றம், மர அனுமதி அதற்குச் செல்லாது.