விரல் முந்தியது

ருத்ராட்ச மாலையில் தினமும் 108 முறை ‘நமசிவாய’ சொல்கிறேன். மூன்று வாரமாக நாற்பதாவது மணிக்குள் மனம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போய்விடும். சுற்று முடிவதைக் காட்டும் தலைமணியான மேருமணி விரலில் தட்டும்போதுதான் திரும்பும். நாலரைக்கு எழுந்தேன், தூக்கம்தான் வந்தது. சத்தமாகச் சொன்னேன், தொண்டை கட்டியது. மொபைல் செயலியில் எண்ணியது இன்னும் மோசம், கண் எண்ணிலேயே நின்றது.

ஒருநாள் விரலைக் கவனித்தேன். ‘ய’ முடியுமுன்பே கட்டைவிரல் அடுத்த மணியை இழுத்துவிடுகிறது! வாய் பின்னாலேயே ஓடுகிறது. இப்போது ஐந்தெழுத்தும் முடிந்து, மூச்சு வெளியேறிய பிறகே நடுவிரல்மேல் இருக்கும் மணியைத் தள்ளுகிறேன். பத்து நிமிடம் இருபதானது. மனம் ஓடினால் மணி நின்றுவிடும், உடனே தெரிந்துவிடுகிறது. நேற்று ஒரே ஒருமுறைதான் நழுவியது. பெரிய நிம்மதி. மேருவைத் தாண்டாமல் மாலையைத் திருப்பி, இன்னொரு சுற்றும் சொன்னேன்.